அக்கா வந்த கார்

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு அரை நூற்றாண்டாக நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி, கல்யாணத்துக்குக் கல்யாணம், எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டுக் காலை நீட்டும் நேரத்தில் தானாக விசாரணைக்கு வந்துவிடும். என் மூத்த ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கல்யாணமாகி முதன்முதலாகப் புகுந்த வீட்டுக்கு எதில் வந்தாள் என்பதுதான் வழக்கு.

பஸ்ஸில் என்றார்கள் அவள் பிறந்த வீட்டார். அவர்கள் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆட்கள். மறுவீட்டு விருந்து முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஈப்போ பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் மறையும் வரை கையாட்டியவர்கள். லாரியில் என்றார் என் மாமியார். செமோருக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர் அவர். ரப்பர் பால் ஏற்றும் லாரியிலிருந்து மருமகள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகச் சாகும் வரை சொன்னார். அக்கா மட்டும் கார் என்றாள்.

"நான் கார்லதான் வந்தேன்லா." அதற்கு மேல் பேசமாட்டாள். ரொம்ப நோண்டினால் இரண்டு விஷயம் சொல்லுவாள். ஒன்று, அந்தக் காருக்கு ஒரு சின்னக் கை இருந்தது, வளைவில் திரும்பும்போது கதவோரத்திலிருந்து அது வெளியே நீண்டு பிறகு தானாக மடங்கிக்கொண்டது. இரண்டு, புறப்படும் முன்னால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், மூன்று நசுங்கியது, நாலாவது நசுங்காமல் எகிறி ஓடிவிட்டது. காருக்குக் கையா! நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நான் மருமகளாக வந்த வருடமே இந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டேன். நல்ல கதை கிடைத்தால் விடுகிற ஆள் நான் இல்லை.

எங்கள் தோட்டத்தில் பட்டப்பெயர் வைப்பது பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒருவர் ஒரே ஒரு நாள் வழுக்கி விழுந்தார். அன்று முதல் அவர் வழுக்கி. அவர் பெண்டாட்டி வழுக்கி பெண்டாட்டி. அவர் பேரன் இன்று சிங்கப்பூரில் இன்ஜினியர், ஊருக்கு வந்தால் வழுக்கி பேரன். பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரை மாற்றினாலும் மாற்றலாம், தோட்டம் வைத்த பெயரை மாற்ற முடியாது. அக்காவுக்கு வந்த அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது: கார்க்காரி.

மூத்தாருக்குப் பட்டப்பெயரே இல்லை. அக்காவின் கணவர்தான். எனக்குத் தெரிந்து அந்தத் தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாமல் வாழ்ந்து முடித்த ஒரே ஆண்பிள்ளை. ஸ்டோரில் வேலை பார்த்தார். ஸ்டோர் என்றால் எங்களுக்குக் கடை இல்லை, பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து ஷீட் போடும் ஆலை. அங்கே இருந்த மெஷின்கள் அவர் சொன்னபடி கேட்டன. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரிடம் வருவார்கள். துரை பங்களாவில் ஜெனரேட்டர் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர், இந்தக் கார் வழக்கு எடுக்கப்பட்டதும் மெல்ல எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவார். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பெண்டாட்டி விடுகிற கதையைக் கேட்டு வெட்கப்படுகிறார் என்று நாங்கள் தீர்ப்பெழுதிவிட்டோம்.

மூத்தார் போய்ச் சில வருடமாகிவிட்டது. மாமியார் அதற்கும் முன்னால். தோட்டமும் போய்விட்டது. ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள், இப்போது செம்பனையையும் சாய்த்து வீடமைப்புத் திட்டத்துக்கு மண்ணைச் சமப்படுத்துகிறார்கள். நாங்கள் ஈப்போவில் இருக்கிறோம். அக்கா சிம்பாங் பூலாயில் மகன் வீட்டில் இருக்கிறாள்.

போன வருடம் ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. என் கணவரோடு அதே லயத்தில் வளர்ந்து, இப்போது அந்த நிலத்தில் புல்டோசர் ஓட்டுகிறவர் எடுத்து அவருக்கு அனுப்பியது. பழைய காட்டுப்பக்கத்து ஓடையில் மண்ணைத் தள்ளும்போது கொடிக்கு அடியிலிருந்து ஒரு கார் வந்திருக்கிறது. கார் என்று சொன்னதால் கார். மற்றபடி துரு, வேர், ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஆகாயம்.

குடும்பம் மொத்தமும் நிபுணர்களாகிவிட்டது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போன கார் என்றார் என் கணவர். அவர் பழைய கார் பிரியர்களின் குழு ஒன்றில் இருக்கிறார். சொந்தமாகப் பழைய கார் கிடையாது, பழைய அபிப்பிராயங்கள் நிறைய உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் தங்கத்தோடு புதைத்தது என்றார் கோலாலம்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட மச்சான். உடம்பெல்லாம் ஓட்டை, அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சுட்டிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். தோட்டத்து ஆபீஸ் கிராணியார் தன் சின்ன வீட்டுக்குப் போய்வந்த கார் என்று நான் போட்டேன். அதற்குத்தான் சிரிப்புப் பொம்மை அதிகம் விழுந்தது.

அப்போது அக்காவின் குரல் வந்தது. அவள் எழுதமாட்டாள், பேசித்தான் அனுப்புவாள்.

"அது என் காரு. யாரும் தொடாதீங்க. நான் வாரேன்."

அந்தக் குழுவில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அன்றைக்கு மட்டும்தான். என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வழக்கை இன்றோடு முடித்துவிடலாம் என்று, தன் குழுவில் இருக்கும் கூட்டாளி ஒருவருக்குப் போன் போட்டார். துருவைப் பார்த்தே காரின் ஜாதகத்தைச் சொல்லிவிடக்கூடிய நிபுணராம். நாங்கள் மூவரும் சிம்பாங் பூலாய்க்குப் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு, திரும்ப ஈப்போவைத் தாண்டிச் செமோருக்குப் போனோம். அக்கா நல்ல சேலை கட்டியிருந்தாள். தலையில் பூவில்லை என்பதைத் தவிர ஒரு விசேஷத்துக்குப் போகிறவள்போலத்தான் இருந்தாள். பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கவலை வந்தது. அது துரை கார் என்று ஆகிவிட்டால் இந்த வயதில் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

செம்மண் வெளியில் அந்தக் கார் குப்புறப் படுத்ததைப் புரட்டிப் போட்டதுபோலக் கிடந்தது. மூன்று சக்கரம் காரோடு இருந்தன. நாலாவது, புல்டோசர் இழுத்தபோது கழன்று கொஞ்சம் தள்ளிக் கிடந்தது.

"மத்தியானம் பெசி புருக் லாரி வந்துரும்ணே. அதுக்குள்ள பாத்துக்குங்க" என்றார் புல்டோசர்காரர். பழைய இரும்பு வாங்குகிற லாரியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்லுவோம்.

அக்கா காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கையால் தொடவில்லை. பிறகு நேராகப் போய், தனியாகக் கிடந்த சக்கரத்தின் மேல் சேலையை விரித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடிக்கிற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, கார்ல வந்து உக்காருங்க, ஏர்கான் போடச் சொல்றேன்" என்றேன். "இதுவும் கார்தானே" என்றாள்.

நிபுணர் வேலையை ஆரம்பித்தார். கையுறை, தூரிகை, ஒரு போத்தலில் மண்ணெண்ணெய், கழுத்தில் பூதக்கண்ணாடி. என் கணவர் பக்கத்தில் நின்று, நிபுணர் சொல்லப்போவதை அரை நொடி முன்னால் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். மூக்கில் கார்க் கம்பெனியின் பெயர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் மிச்சம். அந்த ஓட்டைகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். முதுகின் வளைவைத் தடவிப் பார்த்தார்கள். குண்டு பட்ட ஓட்டைகள் வெறும் துரு ஓட்டைகள் என்று தெரிந்தது, தங்கம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தேளும் அதன் பிள்ளைகுட்டிகளும் இருந்தன. லண்டனில் செய்து கப்பலில் வந்த கார், மலாயா காலத்தது என்று சொல்லி நிபுணர் ஒரு பெயரும் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் அன்றைக்கே மறந்துவிட்டது.

"துரை கார்தான். நான் சொல்லல?" என்றார் என் கணவர்.

"இருங்க, இருங்க" என்றார் நிபுணர். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள தூணை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். துருவுக்குள் நெட்டாக ஒரு பிளவு தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பினார். உள்ளேயிருந்து சாண் நீளத்தில் ஒரு தகடு, மேல்முனையில் தொங்கிக்கொண்டு, கீச்சென்று சத்தம் போட்டபடி வெளியே வந்து நின்றது. நுனியில் ஒரு துண்டு ஆரஞ்சு நிறம் ஒட்டியிருந்தது.

"அந்தக் காலத்துல சிக்னல் லைட் கிடையாதுலா. வளையும்போது இது வெளிய நீட்டும். கைகாட்டிதான்."

என் கணவர் அந்தக் கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி அந்தக் கையைப் பார்த்தார். அறுபது வயதைத் தாண்டியவர் வாய் திறந்தபடி நின்றார். ஐம்பது வருடச் சிரிப்பும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து எங்கள் முகத்தில் விழுந்தது.

"அண்ணி..." என்றார். "கை இருக்கு அண்ணி."

"தெரியும். நான்தான் பாத்தேனே" என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்து. எழுந்து வந்து பார்க்கவுமில்லை.

இவ்வளவு பெரிய வெற்றிக்கு இது போதாதே என்று எனக்குத் தோன்றியது. நானாக இருந்தால் அந்தக் காரின் மேல் ஏறி நின்று ஊரையே கூப்பிட்டிருப்பேன். இவளோ சக்கரத்தை விட்டு அசையமாட்டேன் என்கிறாள். இதற்குள் இரும்பு லாரி வந்துவிட்டது. ஆட்கள் முதலில் கழன்று கிடந்ததை எடுக்கலாம் என்று சக்கரத்தருகே வந்தார்கள். "மக்சிக், கொஞ்சம் எந்திரிங்க" என்றார் லாரிக்காரர், மலாயில் அத்தை முறை வைத்து. அக்கா காது கேளாதவள்போல் இருந்தாள்.

அவளைத் தூக்கிவிட நான் போனேன். கையைப் பிடித்தேன். அவள் என் கையை அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, "நீயும் உக்காரு" என்றாள் தணிந்த குரலில். குனிந்தபோது அவள் சேலை கொஞ்சம் விலகியது. அப்போதுதான் பார்த்தேன். டயர் பக்கவாட்டில் வாய்போலப் பிளந்திருந்தது. உள்ளே டியூப் இல்லை. டியூப் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஏதோ பழுப்பாக, கெட்டியாக, வளைந்து வளைந்து நிறைந்திருந்தது. நகத்தால் அழுத்தினேன். உள்ளே போய்த் திரும்ப வந்தது.

நானும் தோட்டத்தில் பிறந்தவள். பால் வாளி தூக்கியவள். அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பால். ஆசிட் விட்டு உறைய வைத்த ரப்பர் பால்.

நான் சட்டென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் ஷாலை எடுத்துப் பிளவின் மேல் போட்டேன். இரண்டு கிழவிகள் ஒரு சக்கரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லாரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மற்றதை ஏற்றப் போனார்.

"அந்தச் சக்கரம் பஞ்சராயிருச்சு" என்றாள் அக்கா, எங்கோ பார்த்துக்கொண்டு. "ஈப்போல ஒரு சீனன் வர்க்‌ஷாப்பு. யாரோ விட்டுட்டுப் போன காரு. ஞாயித்துக்கிழமையெல்லாம் அங்க வேலை செஞ்சு அதை வாங்கியிருக்காரு. எல்லாருக்கும் முன்னால என்னை அதுல கொண்டாந்து எறக்கணும்னு ஆசை. எங்க வீட்ல பஸ் ஏறுனோம், ஈப்போல எறங்குனோம். 'இங்கயே நில்லு'ன்னாரு, கார் ஓட்டிட்டு வந்து நிக்கிறாரு. எனக்கு மயக்கமே வந்துருச்சு. டியூப்பு கிடைக்கலயாம். இருக்கவே இருக்கு தோட்டத்துப் பாலுன்னு டின்ல கொண்டாந்து டயருக்குள்ள ஊத்தி ஆசிட் விட்டிருக்காரு. கல்லு மாதிரி உறைஞ்சுரும்னு நெனச்சாரு."

"உறையலையா?"

"ஓரத்துல உறைஞ்சுச்சு. நடுவுல உறையல. டொம் டொம்னு குதிக்குது, சளக் சளக்குன்னு சத்தம். பின்வழியா வந்தோம், யாரும் முன்கூட்டியே பாத்துரக் கூடாதுன்னு. அந்த ஓடைகிட்ட வளைஞ்சப்ப டயரு பொளந்துருச்சு. நாங்க வெளிய குதிச்சோம், காரு உள்ள போயிருச்சு. பால்மரக்காட்டு வழியா பட்டுச் சேலையோட நடந்து வந்தோம். மேல பெரிய ரோட்ல பால் லாரி வந்துச்சு."

பஸ், கார், லாரி. எல்லாரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பால் ஊற்றிய டயரோடு கம்பீரமாகக் காரோட்டிய மாப்பிள்ளை! சிரித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதான். இந்தச் சிரிப்புதான்" என்றாள். "எறங்குனதும் அத்தை, 'என்னாடி, லாரிலயா வந்தே?'ன்னு கேட்டாங்க. எனக்கு ரோஷம், கார்லதான் வந்தேன்னு சொல்லிட்டேன். திரும்பி அவரைப் பாத்தா மண்ணைப் பாத்துட்டு நிக்கிறாரு. மெஷின் வேலை செய்யுற மனுஷன். டயருக்குள்ள பால் ஊத்துன கதை வெளிய வந்தா என்னா பேரு வைப்பாங்க, நீயே சொல்லு."

எனக்கு உடனே நாலைந்து பெயர் தோன்றியது. ஒவ்வொன்றும் அருமையான பெயர். எதையும் சொல்லவில்லை.

"யாராவது ஒருத்தருக்குப் பேரு விழத்தான் போவுது, எனக்கே விழட்டும்னு விட்டுட்டேன். கார்க்காரின்னா என்னா கொறைஞ்சு போச்சு?"

"அவருதான் போயிட்டாரே அக்கா. இப்பவாவது சொல்லலாமே."

"அவரு சாவுக்கு வந்தவங்க என்னா சொன்னாங்க? இவரு கை பட்டு ஓடாத மெஷினே இல்லன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்கள்ல? அது அப்படியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் செய்தது என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று என்று சொல்லிக்கொள்வேன். அந்தச் சக்கரத்தை என் ஷாலாலும் காரில் இருந்த பழைய பாயாலும் பொட்டலம் கட்டினேன். அக்கா ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறாள், யாரும் பிரிக்கக் கூடாது என்று அதட்டினேன். என் கணவரும் நிபுணரும் சேர்ந்து தூக்கி எங்கள் காரில் வைத்தார்கள்.

"என்னா இது, ஒரு சக்கரம் இவ்வளவு கனமா?" என்று மூச்சு வாங்கினார் நிபுணர்.

"அந்தக் காலத்து இரும்புலா" என்றேன். துருவைப் பார்த்தே ஜாதகம் சொல்கிறவர் தலையாட்டினார். மிச்சக் காரை இரும்பு லாரி கொண்டுபோயிற்று. அந்தச் சின்னக் கையை மட்டும் கழற்றித் தரச் சொல்லி என் கணவர் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

தீபாவளிக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். சாப்பிட்டு முடிந்ததும் என் கணவர் அந்தக் கையை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து, எழுந்து நின்று, வழக்கு முடிந்தது, அண்ணி காரில்தான் வந்தார் என்று தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். கோலாலம்பூர் மச்சான் காலில் விழப்போனார், முட்டிவலியால் பாதியில் நின்றுகொண்டார். அப்போது மருமகப் பெண் ஒருத்தி, கெட்டிக்காரி, வக்கீலுக்குப் படித்தவள், கேட்டாள்:

"அப்ப பாட்டி லாரின்னு சொன்னாங்களே? கண்ணால பாத்தேன்னாங்களே?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மெல்ல எழுந்து, பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போகிறவள்போலச் சமையல்கட்டுப் பக்கம் நடந்தாள். சிகரெட் பிடிக்க எழுந்து போகிற மூத்தாரின் அதே நடை.

"லாரியா? எந்த லாரி?" என்றேன் நான். "அத்தைக்கு அப்பவே கண்ல புரை. ஆளு யாரு, ஆடு எதுன்னு தெரியாது."

மாமியார் சாகும் வரை கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்தவர். என் கணவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் தீபாவளி அன்று என்னோடு வாயாட அவருக்குத் தெம்பில்லை. அப்படியாக வழக்கு தள்ளுபடியானது. அத்தை மேலே இருந்து கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அவர் பிள்ளையின் மானத்துக்காகத்தான் அவர் கண்ணைக் கெடுத்தேன்.

அந்தச் சக்கரம் சிம்பாங் பூலாயில் அக்கா வீட்டுப் பின்னால் இருக்கிறது. பிளந்த பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி நான்தான் திருப்பி வைத்தேன். மேலே கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. சாயங்காலத்தில் அக்கா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். போகும்போதெல்லாம் "என்னா கார்க்காரி, காரு எப்படி இருக்கு?" என்பேன். "ஓடுது, ஓடுது" என்பாள்.

இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். எழுது, ஆனால் ஒரு பெயரையும் போடாதே என்றாள். போடவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்கள் ஈப்போவிலும் செமோரிலும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், பட்டப்பெயர் வைக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.